டொல்பின் வேனின் முன்கண்ணாடி

இன்றைக்கு அவர் கொஞ்சம் சிடுசிடுப்பாக இருக்கட்டும். இரண்டு நாளாகச் சிரித்துச் சிரித்தே பேசிவிட்டார். இப்படியே போனால் சந்தேகம் வரும். பனி, வேனுக்கு ஓட்டமில்லை, இடுப்பு வலி, எதையாவது சொல்லி அலுத்துக்கொள்ளட்டும். அலுத்துக்கொள்ளும்போதுதான் அவர் அவராக இருப்பார்.

ஜெரோமி அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரொஷானின் போனில் எழுதினாள். 'என்னத்த மச்சான் நாலு நாளா ஒரே பனி ஒரு ஹயர் இல்ல இடுப்பு வேற உசிர எடுக்குது'. ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். கடைசியில் கை தானாக வைத்திருந்த புள்ளியை அழித்தாள். ரொஷான் முற்றுப்புள்ளி வைத்ததே இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தித் திருத்தி அவளுக்குத்தான் அந்தப் பழக்கம்.

அரை நிமிடத்தில் வத்தளை ஜெயகாந்தனின் பதில் வந்தது. 'பொண்டாட்டிகிட்ட சொல்லி தைலம் தேச்சுக்க கார் கட்டிக் கட்டியே இடுப்பு போச்சு ஒனக்கு'.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான், சிரித்தது யார் என்று ஒரு கணம் விளங்காமல் நின்றாள்.

ரொஷான் செத்துப் பத்தொன்பது மாதமாகியிருந்தது.

அது இருபத்து மூன்றாம் வருடம், ஜூன் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக்காரப் பயணிகள் நான்கு பேரைப் பட்டிப்பொல ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, வெறும் வேனோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். நல்ல மழை. ஒரு வளைவில் வேன் பாதையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. மழை, வழுக்கல், வேறொன்றுமில்லை என்று பொலிஸ் எழுதிக்கொண்டது. உடப்புசல்லாவைக்கு மேலே, தோட்டத்து மாதா கோயிலுக்குப் பின்னால் அவரை அடக்கம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் பொலிஸ்காரர் ஒருவர் ஒரு பொலித்தீன் பையில் போனைக் கொண்டுவந்து கொடுத்தார். மூலையில் கீறல் விழுந்திருந்ததே தவிர வேறு சேதமில்லை. வீடு நிறைய ஆட்கள். முன்னறையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெரோமி உள்ளே போய்ப் போனை சார்ஜில் போட்டாள். கடைசியாக வந்திருந்த அழைப்பு, 'ஜெயா வத்தளை'. பகல் இரண்டு நாற்பத்தொன்றுக்கு வந்து, ஆறு நிமிடம் நீடித்திருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஆட்கள் பொலிஸிடம் சொன்ன நேரம் அவளுக்கு மனப்பாடம். இரண்டே முக்கால் தாண்டி, ஓரிரண்டு நிமிடம்.

அதற்குக் கீழே வரிசையாகச் செய்திகள். 'மச்சான் கோல் கட்டாயிட்டு'. 'மச்சான்?' 'என்னமோ சத்தம் கேட்டுச்சேடா'. 'மூணு நாளாச்சு பயமா இருக்கு ஒரு வார்த்தை போடு'.

ஜெயகாந்தன் யார் என்று அவளுக்குத் தெரியும். பார்த்ததில்லை. பொகவந்தலாவைக்காரன், கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. சின்னச் சின்ன பிளாஸ்டிக் கார்களை ஒட்டிச் சேர்ப்பவர்களுக்கென்று இருக்கிற பேஸ்புக் குழுவொன்றில் ரொஷானுக்குப் பழக்கமானவன். அந்தக் குழுவில் மலைநாட்டுத் தமிழர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். நேரில் சந்திக்காமலே ஐந்து வருடம் மச்சான் மச்சான் என்று பேசிக்கொண்டார்கள். குழுவில் ரொஷானுக்கு அவருடைய பெயர்கூட இல்லை. 'பனி கராஜ்' என்று வைத்திருந்தார். அதனால் சாவுச் செய்தி அங்கே போகவில்லை.

அவன் எதற்காக அழைத்திருப்பான் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்று காலையில் வீட்டில் நடந்த சண்டையே அதைப் பற்றித்தான். ரொஷானின் வேன் மாதிரியே ஒரு டொல்பின் வேன், நிஜ வேனில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவு. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், நாம்தான் ஒட்டிப் பெயின்ட் அடித்துக் கட்ட வேண்டும். அதை ரொஷான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஜெயா கொழும்பில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறான் என்றார். அலுமாரிக்கு மேலும் கட்டிலுக்குக் கீழும் முப்பத்துநாலு பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. "இன்னொரு பெட்டி இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போறேன். ஒக்காந்து பொம்ம காரோடயே குடும்பம் நடத்துங்க" என்று அவள் சொல்லியிருந்தாள். அதற்குப் பிறகு அவர் அந்த மாதிரிப் பேச்சை வீட்டில் வைத்துக்கொள்வாரா? பாதையில்தான் பேசுவார். கையில் ஸ்டியரிங், காதில் போன்.

முன்னறையில் பெண்கள் இழுத்து இழுத்துச் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே' கேட்டுக்கொண்டிருந்தது. ஜெரோமி எழுதினாள். 'ஒண்ணுமில்ல மச்சான் போன் கீழ விழுந்துட்டு'.

ஏன் அப்படி எழுதினாள் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறாள். இரக்கம் என்று சொன்னால் பொய். 'செத்துப்போனார்' என்று எழுதினால் அவர் இன்னொரு மனிதனுக்கும் செத்துப்போவார். உலகத்தில் ஒரே ஓர் ஆளுக்காவது அவர் சாகாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். இன்னொரு காரணமும் அடியில் இருந்தது. அந்த ஆறு நிமிடத்தைப் பற்றி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் வந்த கோபம் முழுவதும் அவளுடையது. அதில் பங்கு கேட்க யாரும் வரக்கூடாது.

'அப்பாடா' என்று பதில் வந்தது. 'மூணு நாளா சோறு எறங்கலடா'.

எட்டாம் நாள் செபம் முடிந்த மறுநாள் பார்சல் வந்தது. டொல்பின் வேன். அவளுடைய மாமனார் இராயப்பன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். "செத்தவனுக்குப் பார்சல் வருது பாரு" என்று மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஜெரோமி உறையை மட்டும் கிழித்தாள். பெட்டியைத் திறக்காமல் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாள்.

பொய்யைத் தொடங்கியது கை. அதைக் காப்பாற்ற வேண்டியதாகிப்போனதும் கைதான். 'அடுத்து எத கட்டுற போட்டோ போடு' என்று ஜெயகாந்தன் நச்சரித்தான். ரொஷான் கட்டி வைத்திருந்த பதினொரு காரையும் அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான். ஒரு மாதம் இடுப்பு வலியென்று சமாளித்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை, அலுமாரி மேலிருந்த பெட்டிகளில் எட்டிய ஒன்றை இறக்கினாள். ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பாகங்கள் ஒரு சட்டத்தில், காம்பில் காய் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டியெடுத்தாள், சவர்க்காரத் தண்ணீரில் கழுவினாள், துணியில் காயவைத்தாள். ரொஷான் செய்வதைப் பாத்திரம் கழுவியபடி எத்தனையோ நாள் ஓரக்கண்ணால் பார்த்திருந்தாள். பார்த்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

அந்தக் கார் நாசமாய்ப் போனது. கூரை முழுக்க அவளுடைய விரல் அடையாளம். 'என்னடா கை நடுங்குதா ஒனக்கு' என்று அவன் கேட்டான். 'ஆமா மச்சான் பழசெல்லாம் மறந்துட்டு' என்றாள். அவன் சலிக்காமல் எழுதினான். பெயின்ட் டப்பாவை வெந்நீரில் வை, பனி ஊரில் அப்போதுதான் ஓடும். கண்ணாடிப் பாகங்களுக்கு வெள்ளைப் பசைதான், சுப்பர் குளூவைக் கிட்டேயும் கொண்டுபோகாதே. மறந்தவனுக்கு ஞாபகப்படுத்துவதாக அவன் நினைத்துக்கொண்டு எழுதிய ஒவ்வொன்றும் அவளுக்குப் புதுசு.

ஒரு வருடத்தில் ஒன்பது கார் கட்டினாள். நாலாவது காரில் அவளுக்கே தெரியாமல் நாக்கு நுனியை இடது கடைவாயில் கடித்துக்கொண்டிருந்தாள். ஊசிபோட்டது மாதிரி அப்படியே நிறுத்தினாள். அது அவர் செய்வது. தேத்தண்ணியோடு வந்த இராயப்பனும் அதைப் பார்த்துவிட்டார். கோப்பையை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிறகு அவள் மேசையில் இருக்கும்போது அவர் அந்த அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்றே கூப்பிடுவார். ஒருதரம், "மா" என்று கூப்பிட வந்தவர், "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டார். இருவரும் அது நடக்காததுபோலச் சோறு தின்றார்கள்.

அவரை எழுதும்போது அவளுக்குத் தோள்கள் அகலமாகிவிட்டதாகப் படும். காலை அகட்டி உட்கார்ந்திருப்பாள். பயமாக இல்லை. பயமாக இல்லாததுதான் சில நேரம் பயமாக இருக்கும்.

டிசம்பர் விடுமுறையில் டொல்பின் வேனைத் திறந்தாள். வேறு பெட்டிகளையெல்லாம் ரொஷான் வாங்கியதுமே பிரித்து, பாகங்களைத் தடவிப் பார்த்து, மூடி வைத்திருப்பார். இதை அவர் தொட்டதில்லை. அவர் கை படாத ஒன்றை அவராக இருந்து கட்டுவது எப்படி என்று இரண்டு நாள் தயங்கினாள். பிறகு எல்லாவற்றிலும் கவனமாக இருந்தாள். மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் கையுறை போட்டுக்கொண்டாள். வெள்ளைப் பெயின்ட் மூன்று பூச்சு. வலப்பக்கம் ஸ்டியரிங். முன்பக்கத்துக்கு அவருடைய வேனின் நம்பரைக் கடுகளவு எழுத்தில் எழுதினாள். கடைசியாக முன்கண்ணாடி.

உடப்புசல்லாவையில் டிசம்பர் என்றால் துணி காயாது, உப்பு கசியும். வெள்ளைப் பசை இரண்டு நாளாகியும் பிடிக்கவில்லை. மூன்று தடவை கண்ணாடி நழுவி உள்ளே விழுந்தது. இரண்டு துளிதானே, அதுவும் ஓரத்தில்தானே என்று சுப்பர் குளூவை எடுத்தாள். அடுப்புப் புகை படாமலிருக்க வேனை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள்.

காலையில் டின்னைத் திறந்தபோது முன்கண்ணாடியில் ஒரு பெருவிரல் இருந்தது.

உள்பக்கம், டிரைவர் ஆசனத்துக்கு நேரே. வெள்ளை வெளேரென்று, ரேகை ரேகையாக, பனியால் வரைந்தது மாதிரி. கையுறையைப் பார்த்தாள். கிழிசல் இல்லை. கையுறையைக் கழற்றித் தன் விரலைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுடையது அதில் பாதிகூட வராது. ஆம்பிளை விரல். மோதிய வேனுக்குள்ளிருந்து யாரோ கண்ணாடியில் கையை ஊன்றி எழும்பப் பார்த்ததுபோல இருந்தது.

அவள் பின்னால் நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு, ஏன் என்று தெரியாமல், "வந்துட்டீங்களா" என்றாள்.

அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் சுற்றி வந்தால், பழைய கைரேகையில் போய் வெள்ளையாகப் படியும் என்று போனில் தேடினால் வந்துவிடும். அவள் தேடினாள். வந்தது. எப்போதோ தொட்ட விரல்தான் இப்படித் தெரியும் என்று போட்டிருந்தது. யாருடைய விரல் என்று போடவில்லை. அந்தக் கேள்வியை அவள் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ரேகைகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெறுங்கோடு ஓடியது. தழும்பு. ரொஷானின் பெருவிரலில் தழும்பு இருந்ததா? பன்னிரண்டு வருடம் பிடித்த கை. ஞாபகமில்லை. இருந்திருக்க வேண்டும் என்று முதல் நாள் நினைத்தாள். இருந்தது என்று மூன்றாம் நாள் நினைத்தாள். ஒரு வாரத்துக்குள், வேனுக்கு டயர் மாற்றும்போது வெட்டிக்கொண்டு, இரத்தத்தோடு கிணற்றடியில் நின்று "ஒண்ணுமில்ல போ" என்று சிரித்ததுகூட நினைவில் வந்துவிட்டது. அந்த நினைவில் அவர் பச்சைச் சட்டை போட்டிருந்தார்.

காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் அந்த விரலைப் பார்த்துவிட்டுப் போனாள். வந்ததும் பார்த்தாள். அதற்கு முன்னால் நின்று பேசினாள். போன வருடமெல்லாம் அவர் பேசுவதை அவள் எழுதினாள். இப்போதுதான், அவளுக்கென்று அவரிடம் சொல்ல இருந்ததைச் சொன்னாள். அன்று காலை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றாள். அழவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். ரேகைகள் அப்படியே இருந்தன.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஜெயகாந்தன், 'வேன் முடிஞ்சா போட்டோ போடு' என்றான். எடுத்து அனுப்பினாள். 'கண்ணாடிய கிட்ட எடுத்துப் போடு' என்றான். அனுப்பினாள். ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டுவிட்டு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொங்கலுக்குப் பொகவந்தலாவைத் தோட்டத்துக்கு வந்திருப்பதாக மட்டும் எழுதினான். அவள் பனியைப் பற்றியும் இடுப்பு வலியைப் பற்றியும் எழுதினாள்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை பதினொரு மணிபோல, வாசலில் த்ரீவீல் நின்ற சத்தம் கேட்டது. இராயப்பன் முன்னால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாரு தம்பி, கரண்ட் பில்லா?"

"இல்லிங்க ஐயா. ரொஷான் வீடு இதுதானுங்களா?"

"வீடு இதுதான்."

"ஆளு உள்ள இருக்கானுங்களா? சொல்லாம வந்துருக்கேன். ஹயர் ஒண்ணுமில்ல, இடுப்ப புடிச்சிக்கிட்டு வீட்டுலதான் கெடக்கேன்னு சொன்னான்."

"எப்ப சொன்னான்?"

"முந்தாநாளுங்க."

அறைக்குள் ஜெரோமி தூரிகையைக் கீழே வைத்தாள்.

"தம்பி," என்றார் இராயப்பன், "நீங்க வேற யாரையோ தேடி வந்துட்டீங்க. எம் மவன் செத்து ரெண்டு வருசமாகப் போவுது."

"வெளையாடாதீங்க ஐயா. அவந்தான் இப்பிடி சொல்லச் சொன்னானா? டேய் ரொஷான்! வெளிய வாடா!"

"வர மாட்டான் தம்பி. கோயிலுக்குப் பின்னால இருக்கான். போய்ப் பாக்குறதுன்னா பாத்துட்டு வாங்க."

ஜெரோமி வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும் ஒரு மனிதன், சிரித்த வாய் சிரித்தபடியே இருக்க, கண் மட்டும் மாறி நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் பொங்கல் தூக்குச்சட்டி. மறு கையில் ஒரு சின்னப் பெட்டி. அவன் முதலில் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் நகத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்டைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் எதையும் பார்க்கவில்லை.

"உள்ள வாங்கண்ணே" என்றாள்.

இராயப்பன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கூட்டாளியா? சேதி தெரியாம இருந்துட்டாரு போல. ஒக்காருங்க தம்பி. இந்தப் புள்ளையும் அவன மாதிரியே கார் கட்டுது. வீட்டுல மூணாவதா நாந்தான் பாக்கி, நான் என்ன, தேர் கட்டவா?" என்று தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "வெறும் தேத்தண்ணியோடயா அனுப்புறது, பாண் வாங்கியாறேன்" என்று சாக்குப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"நீங்களா?" என்றான் ஜெயகாந்தன்.

"ஆமா."

"எல்லாமேவா தங்கச்சி?"

"எல்லாமே."

"எங்கம்மாவுக்கு ஆப்பரேஷன் நேரம், வார்டு வாசல்ல நின்னுக்கிட்டு எழுதினேன். 'அழாதடா நான் இருக்கேன்'னு வந்துச்சு."

"நாந்தான்."

"இடுப்பு வலி?"

"அது அவருக்கு இருந்துச்சு. இருந்தப்ப."

அவன் தலையை ஆட்டினான். விட்டு விட்டு ஆட்டினான். பிறகு கார்களை அடுக்கியிருந்த கண்ணாடி அலுமாரிக்குப் போனான். டொல்பின் வேன் முன்னால் நின்றது. "இதுக்குத்தான் வந்தேன்" என்றான். கையிலிருந்த பெட்டியைத் திறந்து காட்டினான். புது முன்கண்ணாடி. "சுப்பர் குளூ வச்சுக் கண்ணாடிய வெளுக்க வச்சுட்டான் மடையன், நேர்ல போய் நாலு திட்டு திட்டிட்டு, மாத்திக் குடுத்துட்டு வரலாம்னு. அப்பறம் இதையும் காட்டிச் சிரிக்கலாம்னு."

வலது பெருவிரலை நீட்டினான். குறுக்கே, சாய்வாக, பழைய வெட்டு.

"பார்சல் போடுறதுக்கு முந்தி நாந்தான் பிரிச்சுப் பாத்தேன். கண்ணாடி ஒடைஞ்சிருந்தா அவன் மனசு ஒடைஞ்சிருவான்னு."

ஜெரோமி அந்த விரலைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பவும் விரலைப் பார்த்தாள். ஒரு மாதமாக எதனிடம் பேசிக்கொண்டிருந்தாளோ அது சட்டைக் கைக்குள்ளிருந்து நீண்டு, நகத்தில் அழுக்கோடு, உயிரோடு, முன்னால் நின்றது. கிணற்றடியும் பச்சைச் சட்டையும் மெல்லக் கழன்று போயின. ரொஷானின் கைகளை அவள் மனசுக்குள் தேடினாள். தேடத் தேட இந்த மனிதனின் கைதான் வந்தது.

அவன் எப்போது உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. "எப்ப?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "எந்தத் தேதி?"

"ஜூன் பதினெட்டு."

"ஞாயித்துக்கெழம."

"ம்."

"எத்தன மணிக்கு?"

அவள் நகத்துப் பெயின்டைச் சுரண்டினாள்.

"தங்கச்சி, எத்தன மணிக்கு?"

"நீங்க பேசிக்கிட்டு இருந்தப்பதான் அண்ணே."

அடுப்பில் தண்ணீர் கொதித்து மூடி ஆடியது. அவள் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். அவன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

"'கெடச்சிட்டு மச்சான்'னு கத்தினேன்" என்றான். "அவனும் கத்துனான். வண்டி ஓட்டுறியாடான்னு கேட்டேன். 'ஆமா, வீட்டுல பேச முடியாது, இப்ப சொல்லு, கலர் என்ன'ன்னான். வச்சிருக்கணும். அப்பறம் பேசுறேன்னு வச்சிருக்கணும். வெள்ளைன்னேன். கதவு தொறக்குமான்னு கேட்டான். அத சொல்லிக்கிட்டு இருக்கும்போதுதான்."

'வீட்டுல பேச முடியாது.' ஜெரோமி அதைக் கேட்டாள். பத்தொன்பது மாதமாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையாக அது இப்போதுதான் வந்தது. அவளே எழுதாத ஒரு வாக்கியம். இவ்வளவு காலம் கழித்து அவர் உண்மையாகப் பேசியது இதுதான்.

"எனக்குத் தெரியாம இருந்திருந்தா..." என்றான் அவன். "ஏன் அன்னைக்கி ஒண்ணுமில்லன்னு போட்டீங்க? ஒரேயடியா அன்னைக்கே சொல்லியிருந்தா அழுது தீத்திருப்பேன். இல்லாட்டி கடைசி வரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். இப்பிடி நடுவுல..."

"நான் செஞ்சது தப்புதான்."

"தப்புன்னு சொல்ல வரல." அவன் முகத்தைத் துடைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து முழங்காலில் வைத்தான். பனி கராஜின் பக்கத்தைத் திறந்தான். பத்தொன்பது மாதப் பேச்சு ஒரு விரல் தள்ளலில் மேலே ஓடி நின்றது. "தங்கச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவன் போன் ஒங்ககிட்ட இருக்குல்ல. அதுல இருந்து ஒரு வரி போடுங்க. கோவமில்லன்னு. நீங்கதான் போடுறீங்கன்னு எனக்குத் தெரியும், பரவால்ல. அவன் எப்பிடி எழுதுவான்னு ஒங்களுக்குத்தான் தெரியும். என்னவிட நல்லாத் தெரியும். அது அவன் சொன்னதாவே எனக்குப் படும். அத வச்சிக்கிட்டு நான் போயிருவேன். திரும்ப வரமாட்டேன், ஒங்கள ஒண்ணும் கேக்க மாட்டேன்."

போன் அவளுடைய பாவாடைப் பையில்தான் இருந்தது. கை அதன்மேல் இருந்தது. எழுதுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. 'லூசு' என்று தொடங்குவார் ரொஷான். 'லூசு மாதிரி பேசாத ஒன் மேல எனக்கென்ன கோவம்'. முற்றுப்புள்ளி இல்லாமல். வார்த்தைகள் விரல் நுனியில் வந்து நின்றுவிட்டன. தோள்கள் அகலமாவதுகூடத் தெரிந்தது.

போன வருடம் அவருடைய பிறந்தநாளன்று அவள் அதைச் செய்து பார்த்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை நேரம், மலசலகூடத்துச் சுவரோடு நின்றுகொண்டு, அவருடைய போனிலிருந்து தன் போனுக்கு எழுதினாள். 'கோவமெல்லாம் இல்ல ஜெரோ'. ஜெரோ என்று அவர் மட்டுந்தான் கூப்பிடுவார். இடது கையிலிருந்து வலது கைக்கு அது வந்து சேர்ந்தது. திறந்து பார்த்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். ஒரு பிழையுமில்லை. அதுவரை, என்றைக்காவது அவர் தன்னை மன்னித்துவிடுவார் என்று ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தச் செய்திக்குப் பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

"நான் எனக்கே அப்பிடி ஒண்ணு எழுதிப் பாத்தேன் அண்ணே" என்றாள். "அன்னைக்கிக் காலைல அவர வாய்க்கு வந்தபடி பேசினவ நான். பேச எடமில்லாமத்தான் அவரு ரோட்டுல பேசினாரு. எனக்கும் வேணும்னுதான் எழுதினேன்."

"எழுதி?"

"நான் எழுதினதாத்தான் இருந்துச்சு."

"ஒங்களுக்கு அப்பிடி இருந்திருக்கலாம். எனக்கு இருக்காது. நான் இத்தன நாளா நம்பிக்கிட்டுத்தானே இருந்தேன். இன்னும் ஒரு வரிதானே. ஒரே ஒரு வரி."

அவன் போனின் வெளிச்சம் அணைந்தது. விரலால் தொட்டு ஏற்றிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான். காத்திருந்த அந்த முகம் அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாக வேனின் கண்ணாடிக்கு முன்னால் நின்ற அவளுடைய முகமும் அதுதான். தனக்கு அவன்மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். அது வரவில்லை. அவனை அணைத்துக்கொண்டு அழத் தோன்றியது. அதையும் செய்யவில்லை.

கையைப் பையிலிருந்து வெறுமனே வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க இருந்து சாப்புட்டுப் போங்கண்ணே. கோயிலடிக்கும் கூட்டிட்டுப் போறேன். என்ன கேக்கணுமோ அங்க நின்னு நீங்களே கேளுங்க" என்றாள். அவன் மறுபடியும் வாயெடுத்தான். அவள் தலையை அசைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அத மட்டும் நான் எழுத மாட்டேன்."